எஜமானர்களின் பழைய வாதம்

பிராண்டன் சாண்டர்சனின் 'தி ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவ்' நாவல் வரிசையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்ப முடியாமல். இரண்டாம் முறை கோபத்தோடு. கட்டுரையாளர் சொல்வது இதுதான்: ரோஷார் உலகத்தின் பார்ஷ்மன்கள் சிந்திக்கத் தெரியாத பிறவிகள், அவர்களிடம் வேலை வாங்கியதை அடிமைத்தனம் என்று சொல்லக்கூடாது. சிந்தனை திரும்பியதும் அவர்கள் மனிதர்களுக்கு எதிராகப் படை திரட்டினார்கள், ஆகவே மனிதர்களின் பயம் நியாயமே. போர் என்று வந்துவிட்டால் இரு இனமும் ஒன்றுதான், ஆகவே பழைய கணக்கைக் கிளறுவதில் பொருளில்லை.

கற்பனை உலகம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. இந்த வாதத்தின் ஒவ்வொரு துண்டும் நிஜ உலகத்தில் நிஜ எஜமானர்கள் பேசியது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலில் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதிவைத்தார். 1851இல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கருப்பின அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று கட்டுரை எழுதி, அதற்கு 'டிராபெடோமேனியா' என்று பெயரும் சூட்டினார். அடங்கி வேலை செய்தால் அறிவில்லாதவன், ஓடினால் பைத்தியம், திருப்பி அடித்தால் மிருகம். எஜமான் எந்த இடத்திலும் குற்றவாளியாகாதபடி கட்டப்பட்ட வாதம் இது. சென்ற இதழ்க் கட்டுரை இந்த மூன்று படிகளிலும் ஒன்றுகூடத் தவறாமல் கால் வைத்து ஏறியிருக்கிறது.

முதலில் 'சிந்திக்கத் தெரியாத பிறவிகள்' என்பதை எடுத்துக்கொள்வோம். பார்ஷ்மன்கள் அப்படிப் பிறக்கவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு போரின் முடிவில், அவர்களுக்குச் சக்தி அளித்துக்கொண்டிருந்த பா-அடோ-மிஷ்ராம் என்ற ஆவியை மனித இனத்தின் வீரர்கள் சிறைப்பிடித்தார்கள். அந்த ஒரு செயலில் ஒரு முழு இனத்தின் அடையாளமும் பேச்சும் உறுதியும் அறுந்துபோயின. 2020இல் வெளிவந்த நான்காம் நாவலான 'ரிதம் ஆஃப் வார்' இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆக, ஒருவன் காலை ஒடித்துப் போட்டுவிட்டு, 'இவன் பிறவியிலேயே நடக்க மாட்டான், நான்தான் சோறு போடுகிறேன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவதுதான் கட்டுரையாளருக்கு நியாயமாகத் தெரிகிறது.

அதைவிட மோசம், அந்த நிலையிலும் அவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர் மறைத்தது. 2017இல் வந்த 'ஓத்பிரிங்கர்' நாவலில் ஒரு காட்சி வருகிறது. எவர்ஸ்டார்ம் புயல் அடித்துப் பார்ஷ்மன்களுக்கு நினைவு திரும்பிவிட்டது. ஊரைக் கொளுத்த வருகிறார்கள் என்று எண்ணி, தொடரின் நாயகர்களில் ஒருவனான கலாடின் என்ற மனிதன் ஒரு கூட்டத்தைத் தேடிப் போகிறான். மழையில் ஒண்டிக்கொண்டு அவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். விதிகள் சரியாகத் தெரியாததால் தங்களுக்குள் வாக்குவாதம். எஜமானர்கள் ஆடும்போது பக்கத்தில் நின்று, பேசாமல், பார்த்துப் பார்த்து மனதில் பதித்துக்கொண்ட ஆட்டம் அது. சா என்பவன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான். வை என்ற சின்ன மகளும் அவனோடு இருக்கிறாள். எங்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்னவென்று உனக்குத் தெரியுமா என்ற கேள்வி அவனுடைய ஒவ்வொரு பேச்சிலும் இருக்கிறது. நினைவே இல்லாதவன் இப்படிக் கேட்க மாட்டான். கலாடின் நெற்றியிலும் அடிமைச் சூடு இருக்கிறது. அவனாலேயே சா கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கட்டுரையாளருக்கு மட்டும் பதில் உடனே கிடைத்துவிட்டது.

விழித்தெழுந்த பார்ஷ்மன்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவும் இல்லை. அஸிர் நாட்டில் இருந்தவர்கள் அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போனார்கள், ஏனென்றால் அஸிர் மக்கள் எதையும் மனுவும் விசாரணையுமாகத் தீர்ப்பவர்கள். தைலென் நாட்டில் இருந்தவர்கள் கப்பல் ஏறினார்கள். அலெத்கார் நாட்டில் இருந்தவர்கள் போருக்கு ஆயத்தமானார்கள். யாரிடம் வேலை செய்தார்களோ அவர்களிடம் கற்றதைத்தான் செய்தார்கள். போரைத் தவிர வேறெதையும் பெருமையாக நினைக்காத அலெத்தி பிரபுக்களின் வீட்டில் வளர்ந்தவர்கள் போரைக் கற்றிருந்தால், அந்தப் பழியை யார் மீது போடுவது? அலெத்கார் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'பார்ஷ்மன்கள் படை திரட்டினார்கள்' என்று எழுதுவது வேண்டுமென்றே செய்த வேலை.

அலெத்திகளுக்கும் பார்ஷ்மன்களின் கிளை இனமான பார்ஷெண்டிகளுக்கும் ஷாட்டர்ட் பிளெயின்ஸ் சமவெளியில் நடந்த போரைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பத்தி இதைவிடப் பெரிய அநியாயம். ஒப்பந்தம் கையெழுத்தான இரவிலேயே அலெத்கார் அரசர் கவிலாரைக் கொன்ற துரோகிகள் பார்ஷெண்டிகள், அவர்கள் மீது தொடுத்த போர் பழிவாங்கும் உரிமை என்கிறார். அந்த இரவில் என்ன நடந்தது என்பதை அதே 'ஓத்பிரிங்கர்' முதல் பக்கங்களிலேயே எஷோனாய் என்ற பார்ஷெண்டிப் பெண்ணின் கண்வழியாகச் சொல்லிவிடுகிறது. தங்கள் பழைய தெய்வங்களின் கொடுமையிலிருந்து தப்புவதற்காக, சக்தியையும் கூர்மையையும் தாங்களாகவே துறந்துவிட்டு ஓடிவந்தவர்களின் வம்சம் பார்ஷெண்டிகள். அந்தத் தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவருவேன், இது உங்களுக்கு நான் தரும் பரிசு என்று கவிலார் அவளிடம் சொல்கிறார். தடுக்க வேறு வழி தெரியாமல்தான் கொலைக்குத் துணிகிறார்கள். இதனால் தங்கள் இனம் அழியும் என்று தெரிந்தே துணிகிறார்கள், பெரும்பாலும் அப்படியே அழிகிறார்கள்.

பழிவாங்கும் போர் என்று ஆரம்பித்தது எதுவாக மாறியது என்பதையும் கட்டுரையாளர் தொடவில்லை. பிளவுகள் நிறைந்த அந்தச் சமவெளியில் கூட்டுப்புழுவாகத் தங்கும் பெரும் விலங்குகளின் உள்ளே ஜெம்ஹார்ட் என்ற விலைமதிப்பற்ற மணிக்கல் இருக்கிறது. பத்து பிரபுக்களும் அதற்காக ஒருவரோடு ஒருவர் போட்டிபோட, ஆண்டுக்கணக்கில் போர் இழுத்துக்கொண்டே போனது. மாண்ட அரசரின் பெயரில் நடந்த வியாபாரம். அதற்குக் கூலியாகச் செத்தவர்கள் பாலம் சுமந்தவர்கள். பிரபுக்களில் ஒருவரான சடியாஸின் படையில் அடிமைகளும் கைதிகளும் கேடயம் இல்லாமல், கவசம் இல்லாமல் கனத்த மரப்பாலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அம்புக்கு நேராக ஓட வேண்டும். எதிரியின் அம்புகள் இவர்கள் மேல் பாய்ந்தால் படைவீரர்கள் பிழைப்பார்கள் என்பதே அந்த ஏற்பாட்டின் உள்நோக்கம்.

கடைசியில் டாலினார் என்ற இன்னொரு பிரபு தன் விலைமதிப்பற்ற ஷார்ட்பிளேடு வாளைக் கொடுத்து அந்தப் பாலக்காரர்களை மீட்கிறார். எனக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் அதே டாலினாரின் முகாமில் அந்த நாளில் பார்ஷ்மன்கள் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மீட்க எந்த வாளும் கைமாறவில்லை. இதை எழுத்தாளர் தெரியாமல் விட்டார் என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் கலாடினின் பாலக்கார அணியான பிரிட்ஜ் ஃபோருக்குள்ளேயே ஷென் என்ற பார்ஷ்மனை அவர் வைத்திருக்கிறார்.

ஷென்னைப் பற்றி எழுதாமல் இந்தத் தொடரைப் பற்றி எழுதுவது எப்படிச் சாத்தியம் என்று எனக்குப் புரியவில்லை. செத்த பார்ஷெண்டிகளின் ஓட்டையும் எலும்பையும் கழற்றி கலாடின் கவசம் செய்துகொள்ளும்போது, அந்தச் சடலங்களில் கைவைக்க ஷென் மறுக்கிறான். மற்ற பாலக்காரர்கள் எல்லோரும் விடுதலையாகி ஈட்டி பிடிக்கிறார்கள். அவன் கையில் மட்டும் ஈட்டி இல்லை. கலாடின், தானே அடிமையாகக் கிடந்தவன், பார்ஷ்மன் கையில் ஆயுதம் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று நாள்கணக்கில் தயங்குகிறான். ஒருவழியாகக் கொடுத்ததும் ஷென் கிளம்பித் தன் மக்களிடம் போய்விடுகிறான். அவன் உண்மையில் ரிலைன், உளவு பார்க்க வந்தவன் என்பது பின்னால்தான் தெரிகிறது. சிந்திக்கத் தெரியாதவன் என்று எல்லோரும் முடிவுகட்டி, அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டுரையாளரும் அதே ஆட்கள் செய்த தவறையே நாவலைப் படித்து முடித்த பிறகும் செய்கிறார்.

தொடரின் மீது எனக்கும் புகார் உண்டு. 2010இல் வந்த 'தி வே ஆஃப் கிங்ஸ்' ஏறக்குறைய முழுக்க மனிதர்களின் கண்வழியே நடக்கிறது. எஷோனாயின் குரல் இரண்டாம் நாவலில்தான் கேட்கிறது, அதுவும் சிறிதளவே. அவள் தங்கை வென்லியின் கடந்தகாலத்துக்கு நான்காம் நாவல் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு தாமதம் இருந்ததால்தான் இப்படிப்பட்ட வாசிப்புக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் முதல் நான்கு நாவல்களையும் மேற்கோள் காட்டி எழுதுகிறவருக்கு அந்தச் சாக்கு செல்லாது.

'போரில் இரு இனமும் ஒன்றுதான்' என்ற வாதத்துக்கு வருகிறேன். ஃபியூஸ்டு என்ற பழைய ஆவிகள் உயிரோடிருக்கும் தம் இனத்தவரின் உடல்களையே பிடுங்கிக்கொள்கின்றன. பிடிபட்ட நகரங்களில் மனிதர்களை வேலைக்கு நிறுத்துகின்றன. இதை நான் மறுக்கவில்லை. அலெத்காரின் தலைநகரான கோலினாரின் அரண்மனையில் கலாடினுக்குப் பழக்கமானவர்கள் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதும், அதில் சா மடிவதும் என்னால் மறக்க முடியாதவை. ஆனால் விடுதலையானவர்கள் கொடுமை செய்தார்கள் என்பதால் அடிமைத்தனம் குற்றமில்லாமல் போய்விடாது. 1791இல் எழுந்த ஹெயிட்டியின் அடிமைகள் 1804இல் சுதந்திரம் பெற்றார்கள். அதே ஆண்டு அவர்களின் தலைவர் தெசாலினின் உத்தரவில் அங்கிருந்த பிரெஞ்சு வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அமெரிக்காவின் அடிமை உடைமையாளர்கள் பல பத்தாண்டுகள் இதைக் காட்டியே விடுதலையை எதிர்த்தார்கள். நூறாண்டுக்கு மேல் கரும்புத் தோட்டங்களில் செத்தவர்களின் கணக்கை மட்டும் அவர்கள் எடுத்துப் பேசவில்லை.

கணக்கு என்றதும் அந்தக் கட்டுரையின் கடைசிப் பத்தி நினைவுக்கு வருகிறது. பார்ஷ்மன்கள் போனதால் வயல்கள் அறுக்க ஆளின்றிக் கிடந்தன, சுமை தூக்க ஆளில்லை, ரோஷாரின் பொருளாதாரம் நொடித்தது என்று மனிதர்களின் நஷ்டத்தை வரிவரியாக அடுக்குகிறார். 1833இல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அத்தனையும் உடைமையாளர்களுக்கு. 1825இல் பிரான்ஸ் ஹெயிட்டியின் சுதந்திரத்தை ஏற்பதற்கு 15 கோடி ஃபிராங்க் கேட்டது, அதுவும் பழைய உடைமையாளர்களுக்காக. அடிமையாக இருந்தவன் கைக்கு ஒரு காசும் வரவில்லை. அந்த இரு நாடுகளும் செய்ததையே கட்டுரையாளர் ரோஷாரில் செய்கிறார். அறுக்கப்படாத வயலின் விலையை எழுதியவர், நூற்றாண்டுகளாக அந்த வயலை அறுத்தவர்களுக்குச் சேரவேண்டிய கூலியைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை.