ஏழு மணிக்கு மேல்

தோட்டத்து லயங்களில் வளர்ந்த தலைமுறைக்கு ஜெனரேட்டர் காலம் மறந்திருக்காது. அந்தி சாயும்போது விளக்கு வரும். சில மணி நேரத்தில் நின்றுவிடும். பிள்ளைகளின் பாடமும் துணி தேய்ப்பதும் அதற்குள் முடிந்தாக வேண்டும். மின்சாரத்துக்கும் வேளை உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஜொகூரில் நம் சாஆவின் தாமான் வீடுகளுக்கு, வேளை பார்த்து மின்சாரம் பயன்படுத்தும் அந்தப் பழக்கம் மீண்டும் தேவைப்படுகிறது. 2050க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக வேண்டும் என்பது அரசின் இலக்கு. அதில் பெரும்பங்கு சூரிய ஒளி. நண்பகலில் அள்ளிக் கொடுக்கும் வெயில், பிற்பகல் மழைமேகம் கவிந்ததும் சரியும். ஏழு மணிக்கு மேல் அறவே இல்லை. வீட்டில் ஏர்கோனும் சலவை இயந்திரமும் ஓடத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி ஒத்துப்போகாவிட்டால் மின்கட்டமைப்பு தாங்காது. 1996 ஆகஸ்ட் 3 அன்று பாக்கா மின்நிலையப் பக்கம் ஏற்பட்ட கோளாறு தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளில் தள்ளியது. அதற்குக் காரணம் சூரியத் தகடுகள் அல்ல. ஆனால் ஒரு மூலையில் சமநிலை தவறினால் எல்லோரும் இருட்டில் நிற்போம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய கட்டண முறையில், விருப்பப்பட்ட வீடுகள் நேர அடிப்படையிலான கட்டணத்துக்கு மாறலாம். வார நாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடும். மற்ற நேரத்திலும் வார இறுதியிலும் குறையும். துணி துவைப்பதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்க நம்மால் முடியும். செய்வோம்.

ஆனால் கூலாய், செடெனாக் பக்கம் எழுந்துள்ள தரவு மையங்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். ஒரு பெரிய மையத்தின் பசிக்கு முன்னால் சாஆ முழுவதும் சேர்ந்து மிச்சப்படுத்துவது ஒரு கைப்பிடி அரிசி. பசி பெரிதாக உள்ளவர் பெரிய பானையோடு வர வேண்டும். மாலை நேரத் தேவைக்குரிய மின்கலச் சேமிப்பை அந்த நிறுவனங்களே அமைக்க வேண்டும் என்று ஜொகூர் அரசு கேட்கட்டும். நாமும் நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்போம்.

நம் ஊரைச் சுற்றியுள்ள செம்பனையும் உதவும். ஆலைக் கழிவுநீரிலிருந்து எழும் மீத்தேனைக் காற்றில் விடாமல் பிடித்தால், இரவிலும் மின்சாரம் தரும் எரிவாயு அது.

இவற்றோடு உடனே தொடங்கக்கூடிய ஒரு வேலையும் உண்டு. புதிய கட்டண விவரத்தைத் தமிழில் அச்சிட்டு, கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் உட்கார்ந்து விளக்க வேண்டும். தனியே வாழும் முதியவர்களின் மின்கட்டணச் சீட்டை இளையவர்கள் ஒருமுறை வாங்கிப் பார்த்து, எந்த முறை அவர்களுக்கு ஒத்துவரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும்.