கப்பலேறியவர்களின் பணமும் நம்முடைய பணமும்

கோத்தகிரியிலிருந்து ஒரு பெரியவர் எமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். பிறந்தது இங்கே, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில். பதினைந்து வயதில் தாய் தகப்பனோடு தலைமன்னாரில் கப்பலேறியவர். தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு வந்த இடத்தில், பொலித்தீன் பையில் சுற்றிய சில கடதாசிகளை எங்கள் மேசையில் வைத்து, "அப்பாவோட சேமலாபம் இங்கதான் கிடக்குதாம், பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார். அப்பா இறந்து பல வருடம். செக்ரோலில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் இன்னொரு பெயர். தோட்டமோ வெள்ளைக்காரக் கம்பனி, அரசாங்கம், இன்றைய கம்பனி என்று மூன்று கை மாறிவிட்டது. அவருக்கு உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல எங்களால் முடியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

அவரையும் அவரைப் போன்றவர்களையும் "தாயகம் திரும்பியோர்" என்று கூப்பிட்டார்கள். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே தொப்புள்கொடி புதைத்தவன், பார்த்தேயிராத ஊருக்குப் போவது எப்படித் திரும்புதலாகும்? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நம்மில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

ஆட்களைப் பங்கு போட்ட அதே கடதாசியில் நம்முடைய பணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறது. நம்மவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். வேலையிலிருப்பவர் அனுப்பப்படும் நாள் வரை, அல்லது 55 வயது வரை, எது முந்தியோ அதுவரை வேலை செய்யலாம். போகும்போது சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தன் சொத்து முழுவதையும் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கமாட்டோம் என்றும் இலங்கை அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிச் சட்டமே 1958இல்தான் வந்தது. முப்பதுகளில் கொழுந்துக் கூடை மாட்டிய ஒரு அம்மாவுக்கு, ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் ஆறு வருடச் சேமிப்புத்தான் இருந்திருக்கும். அதற்கு முந்திய உழைப்புக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பணிக்கொடைச் சட்டம் வந்ததோ 1983இல். அதற்குள் பெரும்பகுதிச் சனம் ஒப்பாரிக் கோச்சி ஏறிப் போயாயிற்று. கொண்டுபோகலாம் என்று எழுதிக்கொடுத்தவர்கள், கொண்டுபோவதற்கு என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

கொண்டுபோன கொஞ்சமும் மண்டபம் முகாமைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? நீலகிரியில் தமிழ்நாடு அரசாங்கத்தின் தேயிலைத் தோட்டங்களில் பலருக்குத் திரும்பவும் அதே வேலை, அதே லயம். வேலை ஓய்ந்ததும் வீட்டைக் காலி செய் என்ற சத்தமும் அங்கே கேட்கிறது. அந்தப் பெரியவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் கப்பலேறுகிறார்கள்?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். இன்றைக்கும் சேமலாபத்தை எடுப்பதற்குச் சட்டம் சொல்லும் காரணங்களில் நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுவதும் ஒன்று. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது என்பது வழமையான காரணம். பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், வயதான காலத்தில் அவர்களோடு போய் இருக்கலாம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து இந்தப் பக்கம் திரும்புகிற நம் உறவுகளும் உண்டு. அங்கே வர்ணம் பூசியும் கட்டட வேலை செய்தும் நாட்கூலியில் வயதைத் தொலைத்தவர்களுக்கு, திரும்பி வரும்போது கையில் சேமலாபம் என்று எதுவுமில்லை. எந்தத் திசையில் போனாலும் நஷ்டம் நமக்குத்தான்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமாகும்போது 360 ரூபா. ஐந்து இலட்சம் சேமலாபம் வைத்திருந்த ஒருவருடைய பணம் 2,500 டொலரிலிருந்து 1,400க்கும் கீழே இறங்கியது. அவர் ஒரு சதம்கூடச் செலவழிக்கவில்லை, வேலைக்குப் போகாமலும் இருக்கவில்லை. அந்த வருடம் விலைவாசி உயர்வு 70 வீதத்தைத் தொட்டது. சேமலாபத்துக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். ஊரில் இருந்தவருக்கும் அடி, ஊர் விட்டுப் போக நினைத்தவருக்கு இன்னும் பெரிய அடி.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடவில்லை. நம்முடைய நிதியின் முறிகளைத்தான் நீண்டகால முறிகளாக மாற்றினார்கள். மாற்றாவிட்டால் 14 வீத வரி 30 வீதமாகும் என்று மிரட்டித்தான் அதைச் செய்தார்கள். இந்த நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி. பணம் போடுவது நாம். முடிவெடுக்கும் மேசையில் கொழுந்து பறிப்பவர் ஒருவருக்குக் கதிரை உண்டா? இல்லை. அந்தக் கதிரை வேண்டும் என்பது எமது கோரிக்கை. சம்பளத்துக்காக வீதிக்கு இறங்குகிற நாம், இதற்காக ஒரு நாளாவது இறங்கியிருக்கிறோமா?

சம்பளத்திலிருந்து 8 வீதத்தை வெட்டி, தன் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் நிர்வாகம் கட்டவேண்டும். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவானபோது ஒரு பேருக்குச் சேமலாபம் மட்டும் 270 ரூபா. இருபது பேர் போட்டால் மாதம் 5,400 ரூபா. கைக்காசுக்குப் பறித்தால் அதில் ஒரு சதமும் கிடையாது. கைக்காசு இனிக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியும், அதனால்தான் அதைக் காட்டுகிறது. நம்மிடம் வெட்டிய 8 வீதத்தையும் கட்டாமல் வைத்திருப்பதைத் தாமதம் என்று சொல்லக்கூடாது. அது களவு. அரசாங்கம் நடத்தும் சில தோட்டங்களிலேயே இந்த நிலுவை வருடக்கணக்கில் கிடக்கிறது. பணிக்கொடையும் அப்படித்தான். வருடமொன்றுக்கு 14 நாட்சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை பேருக்கு முப்பதாம் நாளில் கிடைத்தது? கையை உயர்த்துங்கள் பார்ப்போம்.

நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்ப முடியாது. மாதாமாதம் சந்தா வாங்கும் சங்கம் நாம். செக்ரோலில் மாரியாய், அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. இப்படி ஒரு லயத்துக்கு எத்தனை பேர் என்று நம் தோட்டத் தலைவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு சத்தியக்கடதாசியும் கையுமாகப் பிரதேச செயலகத்துக்கும் தொழில் காரியாலயத்துக்கும் அவர்களை அலையவிட்டோம். நாற்பது வயதிலேயே இதைச் சரிபார்த்திருந்தால் ஒரு நாள் வேலை. பின்னுரித்தாளராக யாரைப் போட்டிருக்கிறது என்றும் பார்ப்பதில்லை. இருபது வயதில் எழுதிய தாயின் பெயரே, தாய் செத்த பிறகும் அப்படியே கிடக்கிறது.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் சேமலாபத்தை எடுக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எடுக்கலாம் என்பதற்காக எடுக்கவேண்டியதில்லை. அந்தப் பணம் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போய், ஐம்பது வயதில் வெறுங்கையோடு நிற்பவர்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், பணம் மத்திய வங்கியில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். (பத்திரமா என்பது வேறு விஷயம், மேலே எழுதியிருக்கிறோம்.)

நாட்டை விட்டுப் போக நினைப்பவர்கள், டிக்கட் போடுவதற்கு முன் சேமலாபம், நம்பிக்கை நிதி, பணிக்கொடை மூன்றுக்கும் இங்கிருந்தே விண்ணப்பியுங்கள். இவை மூன்றும் வெவ்வேறு இடம், வெவ்வேறு கடதாசி. ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாக வராது. போன பிறகு ஆள் வைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எவரிடமும் கொடுத்துவிட்டுப் போகவேண்டாம், சொந்த அண்ணன் தம்பியாக இருந்தாலும்.

இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மாவட்டக் காரியாலயத்தில் பெயர் சரிபார்க்கும் வேலையைத் தொடங்குகிறோம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கடைசிச் சம்பளத் துண்டு மூன்றையும் கொண்டுவாருங்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் முதலில் வாருங்கள். கோத்தகிரிப் பெரியவரின் கடதாசிகளைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறோம். அவருடைய அப்பா வேலை செய்த தோட்டத்தின் பழைய செக்ரோல் புத்தகங்களைப் பார்க்க அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.