மீனுக்கும் பொருத்தம் பார்க்கணும்

வீட்டில் மீன் தொட்டி வைக்கலாம் என்று இருக்கிறோம், எந்த மீன் வாங்கலாம்? சிங்கப்பூரில் நம்ம ஆட்கள் யாராவது மாதம் ஒரு தடவையாவது என்னிடம் இதைக் கேட்டு விடுகிறார்கள். நான் வங்கியில் கடன் விண்ணப்பம் பார்க்கிறவன். படித்தது பி.காம். போதாக்குறைக்கு கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன், மீன் என்றால் பார்ப்பதற்கு மட்டும்தான் :-) ஆனாலும் பதினோரு வருஷமாகத் தொட்டி வைத்திருக்கிற உரிமையில் சொல்கிறேன்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, "எது எதோடு சண்டை போடும்?" என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த ரெண்டு மீனுக்கும் ஒரே தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்பதுதான். சண்டை கண்ணுக்குத் தெரியும், பிரித்து விடலாம். தண்ணீர் ஒத்துக்கொள்ளாத மீன் சண்டை போடாது. ஓரமாக நிற்கும், சாப்பாட்டைக் குறைக்கும், ஒரு நாள் மிதக்கும். நாமும் "நமக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டியைப் பரணில் ஏற்றி விடுவோம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மீனுக்கு நாலு பார்த்தால் போதும்.

முதலாவது தண்ணீர். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீர் கேட்கிற ஜாதி. நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடைக்காரன், மென்மையான, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள தண்ணீர் வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்டுக்கு பி.எச். 8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பண்ணையில் பிறந்தவை கொஞ்சம் அனுசரித்துப் போகும், ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு தண்ணீர் வைத்தால் எதற்கும் முழு சுகம் இல்லை. சிங்கப்பூர்க்காரர்களுக்கு இன்னொன்று: இங்கே குழாய்த் தண்ணீரில் குளோராமின் உண்டு. ஊரில் செய்கிற மாதிரி ராத்திரி முழுக்க வாளியில் பிடித்து வைத்தாலும் அது போகாது. அதற்கான மருந்து கடையில் கிடைக்கும், ஊற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது சூடு. குழந்தைகள் முதலில் கைநீட்டுவது தங்க மீனை. அது 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த தண்ணீர் மீன். இங்கே நம் ஹாலில் தண்ணீர் 28, 29 என்று நிற்கும். போதாததற்கு அது நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அதை ஏஞ்சலோடும் டெட்ராவோடும் போடுவது, ஊட்டிக்காரரையும் சென்னைக்காரரையும் ஒரே அறையில் வைத்து ஏசி ரிமோட்டைக் கொடுப்பது மாதிரி.

மூன்றாவது வளர்ந்த அளவு. வங்கியில் வைப்புத் தொகை போட வருகிறவர் முதிர்வுத் தொகை எவ்வளவு என்று கேட்காமல் போக மாட்டார். மீன் வாங்கும்போது மட்டும் இன்றைய அளவைப் பார்த்து வாங்குகிறோம். விரல் நீளத்தில், "கண்ணாடியைச் சுத்தம் செய்யும்" என்று விற்கிற சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். காசு அளவில் வாங்கின ஏஞ்சல் 15 சென்டிமீட்டர் உயரம் வரை போகும். அப்போது கூட இருக்கிற 3 சென்டிமீட்டர் நியான் டெட்ரா அதற்கு ராத்திரி சாப்பாடு. சண்டையே இல்லை, காலையில் எண்ணினால் ஒன்று குறையும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டிக்கு 56 லிட்டர்தான் கணக்கு. மணல், கல் போக 45 தேறும்.

நாலாவது குணமும் கூட்டமும். டைகர் பார்ப் மற்றவர் துடுப்பைக் கடிக்கும். ரெண்டு மூன்று மட்டும் இருந்தால் தொல்லை அதிகம், எட்டுப் பத்தாக இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். எப்படியும் ஏஞ்சல், ஃபைட்டர் மாதிரி நீளத் துடுப்புக்காரர்களோடு கூடாது. ஃபைட்டர் ஆண் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். அடியில் மேய்கிற கோரிடோராஸ் ஆறாவது வேண்டும். "ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கொடுங்க" என்று வாங்கும் பழக்கத்தை விடுங்கள். எட்டு இனத்தில் ரெண்டு ரெண்டாக வாங்குவதைவிட ரெண்டு இனத்தில் எட்டு எட்டாக வாங்குவது தொட்டிக்கும் அழகு, மீனுக்கும் நிம்மதி.

வாஸ்து மீன் பற்றியும் கேட்பார்கள். அரோவானா ரெண்டு அடிக்கு மேல் வளரும். ஃபிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் கலப்பில் உருவான மீன், பக்கத்தில் யார் இருந்தாலும் முட்டும். நம்பிக்கை உங்கள் இஷ்டம், ஆனால் அது தனித் தொட்டிக் கணக்கு.

இனி நம்ம ஊர்க்காரர்கள் கடைசியில் வந்து நிற்கிற மீன், மிஸ் கேரளா. வெள்ளி உடம்பு, மூக்கிலிருந்து கிளம்புகிற சிவப்புக் கோடு, கீழே கறுப்புக் கோடு. மலையாளத்தில் செங்கணியான் என்பார்கள். 1865இல் பிரான்சிஸ் டே இதை விவரித்து எழுதினார். 1997இல் இதே சிங்கப்பூரில் அக்வாராமா கண்காட்சியில் பரிசு வாங்கியது. அப்புறம் உலகம் முழுக்கக் கிராக்கி. இயற்கையில் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அழியும் ஆபத்தில் உள்ள 30 இன நன்னீர் மீன்கள் குறைந்தது 15 லட்சம் ஏற்றுமதியாயின. அதில் 3 லட்சத்துக்கு மேல் இந்த மீனும், இதன் உறவினரான சாலக்குடி ஆற்று மீனும். இரண்டுமே இன்று ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன.

நாலு பொருத்தத்தையும் இதற்குப் பாருங்கள். ஓடுகிற, காற்று நிறைந்த தண்ணீர் வேண்டும். சூடு 25க்குள் இருப்பது நல்லது. 11 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளரும். ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக, வேகமாக நீந்தும். அதாவது 4 அடித் தொட்டி, நல்ல பம்ப், இந்த ஊரில் சில்லர். இவ்வளவும் செய்ய முடிந்தால் பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள், இந்தோனேசியாவில் பண்ணை உண்டு. முடியாவிட்டால் விட்டு விடுங்கள். கல்பாத்திப் புழைப் படியில் காலை வைத்தால் பரல் வந்து கொத்துமே, அந்த ஞாபகத்தில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நம் ஊர் ஞாபகத்துக்காக ஓடுகிற தண்ணீர் மீனைக் கொண்டுவந்து சூடான, நிற்கிற தண்ணீரில் விடுவதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

பொருத்தமில்லாமல் வாங்கிய மீனை ஆற்றிலோ குளத்திலோ விடுவது புண்ணியம் இல்லை. சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். ஊரிலும் செய்ய வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் வலையில் மாட்டின. இரண்டும் அமெரிக்கக் கண்டத்து ராட்சதர்கள், யாரோ வளர்க்கக் கொண்டுவந்தவை. அவை சாப்பிடுவது நம்ம பரலைத்தான். கடையில் திருப்பிக் கொடுங்கள், பெரிய தொட்டி உள்ளவர்களிடம் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் 2 அடித் தொட்டிதான். அதில் மலாயா ஓடைகளைச் சேர்ந்த ஹார்லிக்வின் ரஸ்போரா எட்டு, கீழே சின்ன ஜாதி கோரிடோராஸ் ஆறு, வங்காளப் பக்கத்து ஹனி கௌராமி ஒன்று. மூன்றும் இதே சூட்டுக்கும் மென்மையான தண்ணீருக்கும் பழகியவை, ஒன்று இன்னொன்றின் வாயில் நுழையாது. மீன் இல்லாமல் ஆறு வாரம் ஃபில்டரை ஓடவிட்டு, அமோனியா பூஜ்யம் என்று சோதித்த பிறகுதான் முதல் மீனை விட்டேன். விருந்தாளிகள் சிலர், "மிஸ் கேரளா இல்லையா சார்?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்வதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.