அல்லி தூங்கும்போது தாலி கட்டியவன் எப்படிங்க ஹீரோ?

எங்க பக்கம் ஒரு வீட்டில் பொம்பளை பேச்சு கொஞ்சம் எடுபட்டால் போதும், "அங்க அல்லி ராஜ்யம்ல நடக்கு" என்று ஒரு நக்கல் வந்து விழும். விஸ்வநத்தத்தில் காலையில் தூக்குவாளியோடு பட்டாசு ஆபீஸுக்குப் போகிற அக்காமார் சம்பளத்தில்தான் பல வீடு ஓடுகிறது. (வெளியூர் மக்களுக்கு: ஆபீஸ் என்றால் பேக்டரி. எங்க ஊர் பாஷை அப்படி.) அந்த அக்கா "இந்த மாசம் சீட்டுக் கட்டணும், சரக்குக்குக் காசு கிடையாது" என்று புருஷனிடம் சொன்னால் அதற்குப் பேரும் அல்லி ராஜ்யம்தான். சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு அல்லி கதை முழுசாகத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

இப்ப எல்லாரும் "எனிமீஸ் டு லவ்வர்ஸ்" என்று உருகுகிறார்கள். முதலில் முறைப்பார்கள், முட்டிக்கொள்வார்கள், நடுவில் கொஞ்சம் மாயம் மந்திரம், கடைசியில் காதல். என் கிளாஸில் பாதிப் பேர் போனில் இதைத்தான் படிக்கிறார்கள். நானும்தான். ஆனால் இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது போலப் பேசும்போதுதான் எரிகிறது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற "அல்லி அரசாணி மாலை" பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்ற சரக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இதை நாடகமாக்கி மேடையில் ஏற்றினார். எங்க அப்பத்தா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லும்.

கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எலும்புக்கூடு இதுதான். அல்லி மதுரையை ஆளும் பாண்டியன் மகள். நாட்டைப் பிடித்துக்கொண்ட நீன்முகனை ஒழித்துவிட்டு அரியணை ஏறியவள். காவல், படை, மந்திராலோசனை எல்லாம் பெண்கள். ஆண் என்றாலே ஆகாது. தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கிறுக்குப் பிடித்து அலைகிறான். நேராகப் போனால் தலை தப்பாது. கண்ணன் உதவிக்கு வருகிறான். கண்ணன் பாம்பாட்டி, அர்ச்சுனன் பாம்பு! மகுடிக்கு ஆடுகிற பாம்பைப் பார்த்து அல்லி சொக்கிப் போய், ராத்திரிக்கு அரண்மனையிலேயே வைத்துக்கொள்கிறாள்.

இந்த இடம் வரைக்கும் நான் இந்தக் கதைக்கு அடிமை. மகாபாரதத்திலேயே பெரிய வில்லாளி, ஒரு பெண்ணைப் பார்க்கப் பாம்பாக நெளிந்துகொண்டு கூடைக்குள் போகிறான். இதைவிட ஒரு ஆணின் கெத்தை யாராவது இறக்க முடியுமா? அவன் ஜெயிக்க வேண்டுமானால் இனி வாயைத் திறந்து பேசியாக வேண்டும், அவள் மனசு மாற வேண்டும். செம சீன் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருகிறோம்.

வருவது என்ன? அவள் தூங்குகிறாள். பாம்பு ஆளாக மாறுகிறது. தாலியைக் கட்டிவிடுகிறது. முடிஞ்சது ஜோலி.

இதற்குத்தான் இத்தனை பில்டப்பா? இரண்டு பேரும் முட்டி மோத வேண்டிய கதையில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கும்போதே ரிசல்ட் சொல்லிவிட்டார்கள். விழித்ததும் அல்லி கொதிக்கிறாள், அவனைப் பிடிக்க ஆள் அனுப்புகிறாள். ஆனால் தாலி ஏறிவிட்டதே! அதற்கப்புறம் அவளுடைய கோபம் நியாயம் இல்லையாம், பிடிவாதமாம்.

நான் பி.காம் படிக்கிறவள், எனக்குத் தெரிந்த வழியில் பார்க்கிறேன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 13: இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அது இசைவு. பிரிவு 14, அந்த இசைவு மிரட்டலிலோ மோசடியிலோ வந்திருக்கக் கூடாது என்கிறது. மோசடியில் வந்திருந்தால் அது வாய்டபிள், அதாவது ஏமாந்தவர் நினைத்தால் ரத்து செய்யலாம். அல்லி கேஸ் அதுகூட இல்லை. தூங்கினவள் எதற்கு ஒத்துக்கொண்டாள்? இசைவே கிடையாது. ஒரு மூட்டை வெங்காயம் விற்கக்கூட இந்த ஒப்பந்தம் செல்லாது.

"கல்யாணம் காண்ட்ராக்ட் இல்லம்மா, சாஸ்திரம்" என்பீர்கள். சரி, சாஸ்திரத்துக்கே போவோம். மனு எட்டு வகைத் திருமணம் சொல்கிறார். தூங்குகிறவளையும் போதையில் இருக்கிறவளையும் புத்தி பேதலித்தவளையும் மறைவாக அடைவதற்குப் பைசாசம் என்று பேர். எட்டிலும் கடைசி, எட்டிலும் மட்டம். பெண்ணுக்கு எதிராக எழுதினார் என்று நாம் திட்டுகிற மனுவே முகம் சுளித்த வேலையை நம்ம அர்ச்சுனர் செய்திருக்கிறார்!

அடுத்து, "இது ஃபேண்டசிப்பா, லாஜிக் பார்க்காதே" என்று ஒரு கோஷ்டி வரும். நான் லாஜிக்கா கேட்டேன்? ஆள் பாம்பாவதை ஒத்துக்கொண்டேனே! மதுரை முழுக்கப் பறக்கும் யானை விட்டாலும் சந்தோஷமாகப் படிப்பேன். வெறுத்தவளுக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்வதற்குத்தானே இந்த மாதிரிக் கதையே எழுதுகிறார்கள்? அதை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போனால் எப்படி?

அல்லி மட்டும் என்றால் விட்டுவிடலாம். வள்ளி திருமணம் நாடகத்தை எடுங்கள். திருவிழாவில் விடிய விடிய நடக்கும். ஜனம் உட்கார்ந்திருப்பதே தர்க்கத்துக்காக. நாரதரிடம் வள்ளி வாதாடுவாள், வேடனாக வரும் முருகனை வாயாலேயே விரட்டுவாள், விசில் பறக்கும். கடைசியில்? யானை வந்து பயமுறுத்தும், கிழவன் வேஷத்தில் நிற்கும் முருகனை அவள் போய்க் கட்டிக்கொள்வாள். இத்தனைக்கும் அவள் மனசில் இருப்பது முருகன்தான். "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யானைக்கு வேலையே இல்லை.

மீனாட்சி கதை இவற்றில் கொஞ்சம் தேவலை. தடாதகை எட்டுத் திக்கையும் ஜெயித்துக் கயிலாயம் வரை படை நடத்துகிறாள். போர்க்களத்தில் சிவனைப் பார்த்ததும் மூன்றாவது மார்பு மறைகிறது, வெட்கம் வருகிறது. இதுவும் உடம்பே தீர்ப்புச் சொல்கிற மாயம்தான். ஆனாலும் அவள் விழித்திருக்கிறாள், கையில் ஆயுதம் இருக்கிறது. கல்யாணத்தோடு ராஜ்யமும் போய்விடவில்லை. இன்றைக்கும் மதுரையில் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் அவளுக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். அதற்கப்புறமும் ஆவணி வரை செங்கோல் அவள் கையில். ஐயா ஆவணியில்தான் முடிசூட முடியும் :-)

சினிமாவுக்கு வந்தால் அந்தச் செங்கோலும் போச்சு. "மன்னன்" (1992) படத்தில் ஆபீஸை ஆண்ட விஜயசாந்தி கடைசியில் வீட்டோடு இருந்து ரஜினியை வேலைக்கு அனுப்பி வைப்பதுதான் சுபம். இப்ப போனில் ஓடும் தொடர்கதைகளில் "ஆன்டி ஹீரோ" என்று ஒருத்தர். முதல் அத்தியாயத்திலேயே பழிவாங்கக் கட்டாயத் தாலி. ஐம்பது அத்தியாயம் அவள் அழுவாள், அதன் பிறகு அவருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக், உடனே மன்னிப்பு. பெயரை மாற்றி வைத்த அல்லி கதைதானே இது? அவளாவது ஆள் அனுப்பிப் பிடிக்கப் பார்த்தாள்.

சண்டைக் காதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1813-இல் வந்த "ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்" நாவலில் டார்சி முதலில் கேட்கும்போது எலிசபெத் மூஞ்சிக்கு நேராக முடியாது என்கிறாள். அவன் ஒரு கடிதம் எழுதுகிறான். அவள் படிக்கிறாள், யோசிக்கிறாள், மெதுவாக மாறுகிறாள். அந்த யோசிக்கிற நேரத்தை ஏன் அல்லிக்குக் கொடுக்கவில்லை?

வேடிக்கை என்னவென்றால், கதை கட்டியவர்களுக்கே அந்தத் தாலியில் நம்பிக்கை இல்லை போல. தொடர்ச்சியாகப் "பவளக்கொடி" வருகிறது. பிள்ளை புலந்திரனுக்குப் பவளத்தேர் வேண்டும் என்று கிளம்பிய அர்ச்சுனன், போன இடத்தில் பவளக்கொடியைக் கட்டிக்கொள்கிறான். சேதி தெரிந்ததும் அல்லி படையோடு கிளம்பிவிடுகிறாள். 1934-இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் சினிமாவுக்கு வந்ததே இந்தப் பவளக்கொடியில்தான். எங்க அப்பத்தாவும் தாலி கட்டுகிற இடத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டு, அல்லி படை திரட்டுகிற இடம் வந்தால் மட்டும் ஒட்டுகிற தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லும்.