டெங்கு கார்டில் தெரியும் சிவப்புக் கோடு தங்கமா? அதை எவ்வளவு நம்பலாம்?

மழை தொடங்கிவிட்டால் லேப்களில் 'என்எஸ்1 கார்டு' டெஸ்ட்டுக்குக் கூட்டம் கூடிவிடும். சில சொட்டு ரத்தம், 20 நிமிடம் காத்திருப்பு. இரண்டு கோடு வந்தால் டெங்கு, ஒரு கோடு என்றால் 'நெகட்டிவ்'. அவ்ளோதான். கொரோனா காலத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த கிட்டும் இதே ரகம்தான். இந்த வகை கார்டுகள் பலவற்றில் சிவப்பாகத் தெரிவது சாயம் அல்ல, தங்கம்.

தங்கம் மஞ்சளாகத்தானே இருக்கும்? நகைக்கடையில் அப்படித்தான். அதையே சுமார் 40 நானோமீட்டர் துகளாக, அதாவது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிதாக ஆக்கினால் கதை மாறுகிறது. ஒளி பட்டதும் துகளில் உள்ள எலெக்ட்ரான்கள் ஒன்றாக ஊசலாடி, பச்சை ஒளியை விழுங்கிவிடும். மீதமுள்ள சிவப்புதான் நம் கண்ணுக்கு வருகிறது. இந்தச் சிவப்புத் தங்கக் கரைசலைப் பற்றி மைக்கேல் ஃபாரடே 1857-லேயே எழுதியிருக்கிறார்.

கார்டில் நடப்பது இதுதான். தங்கத் துகள்களின் மேல், டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒட்டப்பட்டிருக்கும். ரத்தம் பட்டையில் ஊறி நகரும்போது, துகள் அந்தப் புரதத்தையும் இழுத்துக்கொண்டு போகும். 'டி' கோட்டில் உள்ள இன்னொரு ஆன்டிபாடி அதை மடக்கி நிறுத்தும். துகள்கள் ஏராளமாக ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் கோடு தெரியும். 'சி' கோடு வரலைன்னா டெஸ்ட்டே செல்லாது. (தங்கம் விலை ஏறினால் கிட் விலையும் ஏறுமோ என்ற கவலை வேண்டாம். ஒரு கார்டில் இருப்பது மைக்ரோகிராம் கணக்குதான்.)

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. புரதம் குறைவாக இருந்தால் துகள்கள் போதிய அளவு சேராது, கோடும் வராது. காய்ச்சலின் முதல் 5 நாட்களுக்குப் பிறகு என்எஸ்1 குறையத் தொடங்கும். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்கள் என்றால் இன்னும் மோசம். உடலில் உள்ள பழைய ஆன்டிபாடிகள் அந்தப் புரதத்தை மூடிக்கொள்வதால், கார்டு தவறவிடும் வாய்ப்பு அதிகம். இந்தியா போல டெங்கு திரும்பத் திரும்ப வரும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. மத்திய அரசு டெங்குவுக்கு எலைசா பரிசோதனையைத்தான் பரிந்துரைக்கிறது: முதல் நாட்களில் என்எஸ்1 எலைசா, 5-ம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் எலைசா.

கார்டை மேம்படுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. துகளின் மேல் வெள்ளி பூசிப் பெரிதாக்குவது ஒன்று; கண்ணுக்குப் பதில் செல்போன் கேமராவால் கோட்டை அளப்பது இன்னொன்று. டெல்லி ஐஜிஐபி விஞ்ஞானிகளின் 'ஃபெலூடா' கொரோனா டெஸ்ட், கிரிஸ்பர் நுட்பத்தைக் காகிதப் பட்டையோடு இணைத்து 2020 செப்டம்பரில் அனுமதி பெற்றது. சத்யஜித் ரேயின் துப்பறிவாளர் பெயர்தான் அது! ஆனால், முதலில் மரபணுவைப் பெருக்க பிசிஆர் இயந்திரம் தேவைப்பட்டதால் அது வீட்டு டெஸ்ட் ஆகவில்லை.

டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. அதாவது, கார்டில் கோடு மங்கத் தொடங்கும் அதே நாட்களில். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரண சோர்வு இருந்தால், கார்டு என்ன சொன்னாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.