கிரெஸ்கோ மட்டும்தானா காரணம்?



போன வாரம் நம்ம பள்ளி டீம் 3-1 என்று தோற்றதும் இதே பலகையில் ஸ்கோர் எழுதி ஒட்டினோம். மறுநாள் யாரோ அதுக்குக் கீழே பென்சிலால், "தோல்விக்குக் காரணம் லெஃப்ட் பேக்" என்று எழுதிட்டாங்க. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு லெஃப்ட் பேக் ஞாபகம் வந்தது.

2002 மே 5. இத்தாலியின் முதல் டிவிஷன் லீக்கான சீரி ஆ-வில் கடைசி நாள் ஆட்டம். இன்டர் மிலான் 69 புள்ளி, யுவென்டஸ் 68, ரோமா 67. ரோம் நகரத்து ஒலிம்பிகோ மைதானத்தில் லாசியோவை ஜெயித்தால் இன்டர்தான் சாம்பியன். 1989-க்கு அப்புறம் கிடைக்காத பட்டம்! வேடிக்கை என்னன்னா, பக்கத்து டீம் ரோமா ஜெயிக்கக் கூடாதுன்னு லாசியோ ரசிகர்களே பல பேர் அன்னிக்கு இன்டருக்குக் கைதட்டினாங்க.

இன்டர் ஆட்டக்காரர்களைப் பாருங்க. கோலில் டோல்டோ. பின்வரிசையில் ஹாவியர் சனெட்டி, கோர்டோபா, மாட்டெராட்சி, இடது பக்கம் ஸ்லோவாக்கியாக்காரர் கிரெஸ்கோ. முன்னால் வியெரி, ரொனால்டோ (போர்ச்சுகல்காரர் இல்லை, பிரேசில்காரர்). 12-வது நிமிஷம் வியெரி கோல். 20-ல் லாசியோவின் போபோர்ஸ்கி சமன் செய்தார். 24-ல் டி பியாஜோ போட்டு 2-1. இடைவேளைக்குச் சற்று முன்னால், கிரெஸ்கோ தன் கோல்கீப்பருக்குத் தலையால் தட்டிய பந்து வேகமில்லாமல் போக, போபோர்ஸ்கி நடுவில் புகுந்து கோல். 2-2. அப்புறம் சிமியோனி, சிமோனே இன்சாகி. 4-2. (இந்த இன்சாகியே பின்னால் இன்டருக்குக் கோச்சாகி 2024-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தார்!) ரொனால்டோ பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். யுவென்டஸ் 71, ரோமா 70, இன்டர் 69. முதலில் இருந்தவங்க மூணாவது.

இன்னிக்கு வரை அந்த மேட்ச்னாலே கிரெஸ்கோ பேரைத்தான் சொல்றாங்க. அந்த சீசனோடு அவர் இன்டரை விட்டே போய்விட்டார்.

எனக்கு இது ஒத்துக்க முடியலை. அவர் தப்பே செய்யலைன்னு நான் சொல்லலை. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தத் தப்புக்கு அப்புறமும் ஸ்கோர் 2-2தான், இன்னும் பாதி ஆட்டம் மீதி. அதில் இன்டர் ஒரு கோல்கூடப் போடலை, இரண்டு வாங்கியது. அதே ஏப்ரலில் சொந்த மைதானத்தில் அட்லாண்டாவிடம் 2-1 என்று தோற்றது. அன்னிக்கு ஜெயிச்சிருந்தா, மே 5-ல் தோற்றாலும் 72 புள்ளி, யுவென்டஸை விட ஒண்ணு அதிகம்! கியேவோவோடு 2-2 டிரா வேறே. அந்த மேட்சுகளில் யார் தப்பு செஞ்சாங்கன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?

ஸ்கோர் ஷீட்டில் கோல் போட்டவர் பேர், நிமிஷம், மஞ்சள் அட்டை எல்லாத்துக்கும் இடம் இருக்கு. தப்புக்குக் கட்டம் இல்லை. அதை நாமளே எழுதுறோம், கண்ணுக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் பேரில்.

போன வாரம் நாம வாங்கினது மூணு கோல். முதல் கோல் நம்ம லெஃப்ட் பேக் காலில் தப்பின பந்து, சரி. மத்த ரெண்டும் என் கைக்குக் கீழே போனது. கோல்கீப்பர் நான்தான். என் பேரை யாரும் எழுதலை.

பென்சில் எழுத்தை நேத்து நானே ரப்பரால் அழிச்சிட்டேன். அவன் நாலு நாளா கிரவுண்டுக்கு வரலை. சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகப் போறேன். வர்றவங்க சைக்கிளோடு கேட்டுக்கிட்டே நில்லுங்க.