எம்-புக்கில் ஏறாத வேலை

காண்ட்ராக்டர் திருப்தியாக இருந்தால் வேலை ஒழுங்காக நடக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. 1967-இல் லாலர், போர்ட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் போட்டனர்: நன்றாகச் செய்த வேலைக்குப் பலன் கைக்கு வந்த பிறகுதான் திருப்தி பிறக்கிறது. அவர்கள் பேசியது ஊழியர்களைப் பற்றி. காண்ட்ராக்டருக்கும் அது பொருந்தும்.

பலனையும் வேலையையும் சேர்த்துக் கட்டுவதற்குச் சுங்கச் சாலை ஓர் உதாரணம். கிருஷ்ணகிரி–வாலாஜாபேட்டை இடையே சுமார் 148 கி.மீ. சாலையை ஆறு வழியாக்கும் பணி, 2010-இல் கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் எல் அண்ட் டி-க்குக் கிடைத்தது. போட்ட முதல் பள்ளிகொண்டா சாவடி போன்ற இடங்களில் வண்டிக்கு வண்டி திரும்புகிறது. அதற்கு அப்பால், வாலாஜாபேட்டைக்குக் கிழக்கே உள்ள பகுதியில் பணி இழுத்தது. சாலை மோசம் என்று 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியின் கட்டணத்தைப் பாதியாக்கியது. பலனும் வேலையும் அங்கே ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. ஊருக்குள் கால்வாய் கட்டும் சிறு காண்ட்ராக்டருக்குச் சாவடி ஏது? அவருக்கு எம்-புக்தான்.

 எம்-புக் என்பது பக்க எண் அச்சிட்ட அளவுப் புத்தகம். தாளைக் கிழிக்கக் கூடாது; பிழையை அழிக்காமல் அடித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அதில் ஏறாத வேலைக்குப் பில் இல்லை. அஸ்திவாரத்தை மண் மூடும் முன்னும், கம்பியைக் கான்கிரீட் மூடும் முன்னும் அளந்தாக வேண்டும். அளக்க வேண்டிய இன்ஜினியர் வரத் தாமதித்தாலும் சனிக்கிழமை மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் கூலி நிற்காது. வட்டிக்கு வாங்கியாவது கொடுக்க வேண்டும். மதிப்பீட்டுக்கும் குறைத்து ‘லெஸ்’ போட்டு எடுத்த டெண்டரில் வட்டிக்கு இடமில்லை. சிமென்டும், நீராற்றும் நாட்களும் குறைவது இந்தக் கட்டத்தில்தான். அதைப் பேராசை என்று மட்டும் எழுதிவிடுவது சோம்பேறித்தனம்.

வேலை நடக்கும்போதே வைக்கும் ரன்னிங் பில்லில் குறைந்தது 75 சதவீதத்தை 10 வேலை நாளிலும், மீதியை 28 வேலை நாளிலும் தர வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் அறிவுறுத்தியது. நல்ல விதி. ஆனால் நாள் எண்ணத் தொடங்குவது பில் வைத்த பிறகு. பில் வைப்பது அளந்த பிறகு. அளக்க வராத நாட்கள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தப்படி, வேலையை மூடும் முன் காண்ட்ராக்டர் ஏழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தராமல் மூடினால் தன் செலவிலேயே திறந்து காட்ட வேண்டும். ஐப்பசி மழையில் ஏழு நாள் திறந்து கிடக்கும் குழியில் தண்ணீர் இறைக்கும் கூலியும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழுகிறது.